ரவை (உப்புமா பற்றி அல்ல)

தலைப்பைப் பார்த்துட்டு சமையல் குறிப்புன்னு உள்ளே வந்தவங்க மன்னிக்கணும். எங்க ஊர்ப்பக்கம், அதாவது போளூர் தாலுகா சந்தவாசல் பக்கம், ரவைக்கு ரெண்டு அர்த்தம். ஒண்ணு அம்மா வாணலியில வறுக்கிறது. இன்னொண்ணு துப்பாக்கிக்குள்ள போடறது. இது ரெண்டாவது ரவையைப் பத்தினது.

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். இந்தியாவில் மான் வேட்டை குற்றம். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதுக்கப்புறமும் சில விலங்குகளுக்கு லைசென்ஸ் வாங்கி வேட்டையாட சட்டத்தில் ஒரு வழி இருந்தது. 1991 திருத்தம் அந்தக் கதவையும் சாத்திடுச்சு. ஜெயில், அபராதம் ரெண்டும் உண்டு. அதனால யாரும் இதைப் படிச்சுட்டு ஜவ்வாது மலைக்கு பஸ் ஏற வேண்டாம். ஏறினாலும் ஜமுனாமரத்தூர்ல இறங்கி தேனும் சாமை அரிசியும் வாங்கிட்டு வந்துடுங்க.

நான் படிச்சது மெக்கானிக்கல், பொழைக்கிறது சாஃப்ட்வேர். நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேர் ஜாதகம் இதுதானே. 2023-ல் ஆறு மாசம் ஆன்சைட்னு பிட்ஸ்பர்க் அனுப்பினாங்க. பிட்ஸ்பர்க்னா எல்லாருக்கும் மலை மேல இருக்கற வெங்கடேஸ்வரா கோயில் ஞாபகம் வரும். எனக்கு மான்தான் ஞாபகம் வருது. அபார்ட்மெண்ட் பின்னாடி குப்பைத்தொட்டி பக்கத்துல மான். ஆபீஸ் போற வழியில மான். நம்ம ஊர்ல மாடு குறுக்க வர்ற மாதிரி அங்க மான் வருது, கார்ல அடிபட்டுக் கிடக்குது.

நவம்பர் கடைசியில ஆபீஸ்ல பாதி சீட் காலி. விசாரிச்சா, மான் சீசன் ஆரம்பமாம். பென்சில்வேனியாவில் ரைஃபிள் சீசன் முன்னாடியெல்லாம் தேங்க்ஸ்கிவிங் முடிஞ்ச திங்கட்கிழமை தொடங்கும், நிறைய பள்ளிக்கூடத்துக்கு அன்னிக்கு லீவே விடுவாங்களாம். 2019-லிருந்து சனிக்கிழமைக்கு மாத்திட்டாங்க. நம்ம தீபாவளி மாதிரி ஒரு பரபரப்பு. அந்த ஒரு மாநிலத்துல மட்டும் வருஷத்துக்கு நாலு லட்சத்துக்கு மேல மான் சுடறாங்க. எங்கெங்க எத்தனை பெண் மான் லைசென்ஸ் குடுக்கலாம்னு கணக்குப் பார்த்து முடிவு பண்ண 'கேம் கமிஷன்'னு தனியா ஒரு அரசு அமைப்பே இருக்கு.

கிளையண்ட் பக்கத்துல எனக்கு மேனேஜரா இருந்தவருக்கு அறுபது வயசு இருக்கும். அங்க மேனேஜரை பேர் சொல்லித்தான் கூப்பிடணும், எனக்கு கடைசி வரைக்கும் வாய் வரலை. இங்க பெரியவர்னே வெச்சுக்கறேன். சீசனுக்கு ரெண்டு வாரம் முன்னாடி வீட்டுக்கு சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பாடு முடிஞ்சதும் டைனிங் டேபிள் மேல அஞ்சாறு தோட்டாப் பெட்டியைக் கொண்டு வந்து வெச்சார். "நீ இஞ்சினியர்தானே, இதைப் பாரு" ன்னார்.

எனக்கு முதல் குழப்பம் நம்பர். .30-06ன்னு ஒண்ணு. .30-30ன்னு ஒண்ணு. .308, .243, .270, அப்புறம் 6.5 கிரீட்மோர். இதுல ஏதாவது ஒரு ஒழுங்கு இருக்கும்னு தேடினா, சென்னையில 'பழைய எண், புதிய எண்' தேடற கதைதான். .30-06ல முதல் எண் குழலோட விட்டம், அங்குலத்துல. ரெண்டாவது எண் அமெரிக்க ராணுவம் அதை எடுத்துக்கிட்ட வருஷம், 1906. அப்போ .30-30? அதுல ரெண்டாவது முப்பது வருஷம் இல்லையாம், அந்தக் காலத்துல உள்ளே போட்ட மருந்தோட எடை. .308 எது? அதே முப்பது குழல்தான், குண்டோட நிஜ விட்டத்தைப் பேரா வெச்சுட்டாங்க, 1952-ல். .270ன்னு பேர் இருக்கற தோட்டாவுல குண்டோட நிஜ விட்டம் .277. 2007-ல் வந்த கிரீட்மோருக்கு அங்குலத்தை விட்டுட்டு மில்லிமீட்டருக்குப் போயிட்டாங்க. வேரியபிளுக்குப் பேர் வைக்கத் தெரியாத பயலுக நம்ம தொழில்ல மட்டும் இல்லைன்னு ஒரு ஆறுதல் :-)

இன்னொரு விஷயம். நாம பொதுவா தோட்டான்னு சொல்றது மொத்தத்தையும். பித்தளைக் கூடு, அடியில தீப்பொறி குடுக்கற மூடி, உள்ளே மருந்து, முனையில குண்டு. பறந்து போறது அந்தக் குண்டு மட்டும்தான். அதோட எடையை கிரெயின்ல சொல்றாங்க. கிரெயின்னா பார்லி மணி. நாம தங்கத்துக்கு குன்றிமணி வெச்ச மாதிரி அவங்க ஒரு தானியத்தை வெச்சிருக்காங்க. ஒரு குன்றிமணி கிட்டத்தட்ட ரெண்டு கிரெயின் வரும். பெரியவர் மானுக்கு எடுத்து வெச்சிருந்தது .30-06, 150 கிரெயின் குண்டு. மனசுக்குள்ள மாத்திப் பார்த்தேன். 9.7 கிராம். ஒரு பவுனை விட ஒண்ணே முக்கால் கிராம்தான் அதிகம். ஒரு மோதிரத்தோட எடை. அது குழலை விட்டு வெளிய வரும்போது நொடிக்கு கிட்டத்தட்ட 890 மீட்டர் வேகம். பத்தாம் வகுப்பு அரை எம் வி ஸ்கொயர் போட்டா 3800 ஜூல்.

குழலுக்குள்ள திருகாணி மாதிரி மரை வெட்டியிருக்கும். பத்து அங்குலத்துக்கு ஒரு முழுச் சுத்து. குண்டு அந்த மரையில சுத்திக்கிட்டே வெளிய வரும், நிமிஷத்துக்கு ரெண்டு லட்சம் சுத்துக்கு மேல. பம்பரம் சுத்தற வரைக்கும் நிமிர்ந்து நிக்கற மாதிரி, சுத்தறதாலதான் குண்டு தலைகுப்புறப் புரளாம நேராப் போகுது. (தமிழ்ல மரைன்னா மான் இனத்துல ஒண்ணுக்கும் பேர். இலங்கைத் தமிழர்கள் இன்னிக்கும் கடமானை மரைன்னுதான் சொல்றாங்க. குழலுக்குள்ளயும் மரை, குழலுக்கு எதிர்லயும் மரை.)

"எது பெருசோ அதை எடுத்துக்க வேண்டியதுதானே, எதுக்கு இத்தனை பெட்டி?" ன்னு கேட்டேன். மேனேஜர்கிட்ட கேக்கக்கூடாத கேள்வி. ஒரு மணி நேரம் போச்சு. ஆனா நான் இதுவரைக்கும் கேட்ட நல்ல டிசைன் ரிவியூக்கள்ல அது ஒண்ணு.

அவர் சொன்னதோட சாரம் இதுதான். மானோட முன்னங்கால் சப்பைக்குப் பின்னால, இதயமும் நுரையீரலும் இருக்கற இடம், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான். குண்டு அங்க போய்ச் சேரணும், உள்ளே ஆழமா இறங்கணும், இறங்கும்போது விரியணும். மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் மான் உடனே சாகாது, ஓடிடும். முழுசும் செம்பு உறை போட்ட கெட்டிக் குண்டு விரியாது. கோணி ஊசி மாதிரி குத்திட்டு அந்தப் பக்கம் போயிடும். அதனால பென்சில்வேனியாவில் மானுக்கு அந்த வகைக் குண்டு சட்டப்படியே கூடாது. அதே சமயம் ரொம்ப மெல்லிசா, வேகமா இருந்தா தோல்லயே சிதறிடும். மேல பெரிய காயம், உள்ளே ஒண்ணும் ஆகியிருக்காது. நடுவுல இருக்கறதுதான் ஈயமூக்குக் குண்டு. முனையில மட்டும் உறை இல்லாம ஈயம் தெரியும். பட்டதும் காளான் மாதிரி விரியும், அடிப்பாகம் உடையாம தள்ளிக்கிட்டுப் போகும்.

இந்தக் காளான் குண்டோட பூர்வீகம் எதுன்னு நினைக்கறீங்க? கல்கத்தா ஏர்போர்ட் இருக்கற டம்டம். அங்க இருந்த பிரிட்டிஷ் ஆயுதச் சாலையில 1890-கள்ல இந்த மாதிரி விரியற குண்டைச் செஞ்சாங்க. அதுதான் 'டம்டம் புல்லட்'. மனுஷன் மேல இதைப் போடறது கொடூரம்னு 1899-ல் ஹேக் மாநாட்டுல போருக்குத் தடை பண்ணிட்டாங்க. எனக்கு இதைக் கேட்டதும் ஒரு நிமிஷம் தலை சுத்திச்சு. மனுஷனுக்கு எது கொடூரம்னு தடையோ, அதுதான் மானுக்குக் கருணைன்னு சட்டம். பெரியவர் சிரிக்காம சொன்னார்: "சிப்பாய் காயத்தோட விழுந்தா தூக்கிட்டுப் போக ஆள் வருவாங்க, டாக்டர் இருப்பாங்க. மானுக்கு யார் வருவா?"

அந்த விரியறதையும் இறங்கறதையும் ஒண்ணாக் கொண்டு வரத்தான் நூறு வருஷமா மண்டையை உடைச்சிருக்காங்க. 1946-ல் ஜான் நாஸ்லர்னு ஒருத்தர் கனடாவுல ஒரு மூஸ் மானைச் சுட்டிருக்கார். உடம்பெல்லாம் சேறு காய்ஞ்ச மூஸ். குண்டு மேலயே நொறுங்கிடுச்சு, உள்ளே இறங்கலை. மனுஷன் வீட்டுக்கு வந்து குண்டுக்கு நடுவுல செம்புல ஒரு தடுப்புச் சுவர் வெச்சார். முன்பாதி விரியும், பின்பாதி அப்படியே நிக்கும். 1948-ல் அதுக்காகவே கம்பெனி ஆரம்பிச்சார். ஒரு பக் ரிப்போர்ட்ல ஆரம்பிச்ச கம்பெனி!

பெரியவர் வெச்சிருந்தது அதுவும் இல்லை, முழுச் செம்புக் குண்டு. ஈயம் துளித்துளியா கறிக்குள்ள சிதறுது, கண்ணுக்கே தெரியாது. 2008-ல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்குத் தானமா வந்த மான்கறியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ஈயத்துகள் இருந்ததால தூக்கிப் போடச் சொன்னாங்க. காட்டுல விட்டுட்டு வர்ற குடலைத் தின்னு கழுகும் சாகுது. கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. "என் பேத்தி சாப்பிடற கறி" ன்னு சொல்லிட்டு பெட்டியை மூடினார்.

நான் விடலை. செல்போன்ல கணக்குப் போட்டுக் காட்டினேன். "நூறு கஜத்துக்கு குறி சரி பண்ணி வெச்சா, இருநூறு கஜத்துல மூணரை அங்குலம் இறங்குது. முந்நூறுல ஒரு அடி. அவ்வளவு மேல தூக்கிப் பிடிச்சா முந்நூறுலயும் அடிக்கலாமே?" அவர் தலையை ஆட்டினார். "நீ போடற கணக்கு குண்டுக்கு. என் கைக்கு இருநூறுதான். அதுக்கு மேல நின்னா அது என் மான் இல்லை."

அப்புறம் ஒரு சின்ன டப்பாவைத் திறந்து, முந்தின வருஷம் மானுக்குள்ள கிடைச்ச குண்டை என் உள்ளங்கையில வெச்சார். நாலு இதழ் விரிஞ்ச செம்புப் பூ. "முப்பது அடி கூட ஓடலை" ன்னார். "உங்க ஊர்ல என்ன போடுவாங்க?"

"சைக்கிள் பால்ரஸ்" ன்னேன். சொன்னப்புறம்தான் ஏன் சொன்னோம்னு ஆயிடுச்சு. சைக்கிள் சக்கரத்து நடுவுல இருக்கற இரும்புக் குண்டுன்னு விளக்கினேன். அவர் சிரிக்கலை. கொஞ்ச நேரம் கழிச்சு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மான் எவ்வளவு நேரம் உயிரோட இருக்கும்?"

எனக்கு பதில் தெரியும். சொல்லலை.

இப்ப சந்தவாசலுக்கு வருவோம். கண்ணமங்கலத்துக்கும் போளூருக்கும் நடுவுல, மேற்கே திரும்பினா படவேடு, அதுக்கு மேல ஜவ்வாது மலை. ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போனவங்களுக்கு வழி தெரியும். எங்க தாத்தாவுக்கு மலையோரமா கொஞ்சம் வாழை, கொஞ்சம் நெல்லு. அவர்கிட்ட ஒரு காலத்துல லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. வாய் வழியா மருந்து போட்டு இடிக்கற ஒத்தக் குழல். 1959 ஆயுதச் சட்டத்துலயே பயிர்க் காவலுக்கு இந்த மாதிரி துப்பாக்கிக்கு லைசென்ஸ் குடுக்க இடம் இருக்கு. எலெக்‌ஷன் வந்தா அதைக் கொண்டு போய் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும், முடிஞ்சதும் வாங்கிட்டு வரணும். "எனக்கு முன்னாடி என் துப்பாக்கி ஓட்டுப் போடப் போயிடும்" பார் தாத்தா.

இந்தப் பக்கத்துல துப்பாக்கிக் கதைக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்து ஏலகிரி மலையில ஆட்கொல்லிச் சிறுத்தையைத் தேடிப் போனதைப் பத்தி கென்னத் ஆண்டர்சன் எழுதியிருக்கார். அவர் கையில இருந்தது .405 வின்செஸ்டர். தாத்தா மாதிரி ஆளுங்களுக்கு அதெல்லாம் ஏது. நம்ம நாட்டுல ராணுவம் வெச்சிருந்த .303 பொதுமக்களுக்குக் கூடாது. அதனாலதான் அரசு ஆயுதத் தொழிற்சாலையில .315ன்னு தனியா ஒண்ணு செஞ்சாங்க. அதுவும் காசு இருக்கறவங்களுக்கு. மலையோரத்துச் சனத்துக்கு இடிக்கற துப்பாக்கிதான். அதுல தோட்டா கிடையாது, மரை கிடையாது. உள்ளே என்ன போடறோமோ அதுதான் ரவை.

தாத்தா இதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா பெரியவர் தோத்தார். கவுதாரிக்கு, மொசலுக்கு பொடி ரவை. பன்னிக்கு ஈயத்தை உருக்கி ஊத்தின ஒத்தக் குண்டு. சட்டத்துக்கு முந்தின காலத்துல மானுக்கும் அதே ஒத்தக் குண்டுதான். "ரெண்டு மூணு போட்டா ஒண்ணாவது படும்னு போடறவன் வேட்டைக்காரன் இல்லடா, சூதாடி." தூரத்துக்கும் ஒரு கணக்கு வெச்சிருந்தார். "மானோட கண்ணு உனக்குத் தெரியணும். அது தெரியாத தொலைவுல நின்னா குதிரையைத் தட்டாத. வுட்டுடு. அது ஒனக்கு இல்ல." வயலுக்கு வந்ததை மட்டும்தான் சுட்டேன்னு சொல்லுவார். பாட்டி அந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கும். நான் பொறக்கறதுக்கு முன்னாடியே துப்பாக்கியைக் கொண்டு போய் ஒப்படைச்சுட்டார்.

2007. எனக்குப் பத்து வயசு. உறவுக்காரர் ஒருத்தர், பேர் வேண்டாம், பக்கத்துத் தெரு. என்னை சைக்கிள்ல முன்னாடி வெச்சு ஓட்டிட்டுப் போவார், கமர்கட் வாங்கித் தருவார், எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு நாள் பத்து ரூபாய் குடுத்து, "கடையில போய் பால்ரஸ் வாங்கிட்டு வாடா, பின் சக்கரத்துக்கு, பெருசாப் பாத்து எடு" ன்னார். சைக்கிள் கடையில ஒரு டப்பா நிறைய கிரீஸோட கிடக்கும். முன் சக்கரத்துக்கு சின்னது, பின் சக்கரத்துக்கு கால் இஞ்ச். நான் ஒவ்வொண்ணா விரல்ல உருட்டிப் பார்த்து, தேயாததா, பளபளன்னு இருக்கறதாப் பொறுக்கினேன். டவுசர்லயே துடைச்சேன். மிச்சக் காசுக்குக் கூடவே ரெண்டு வாங்கி எனக்குன்னு பாக்கெட்ல போட்டுக்கிட்டேன், கோலி மாதிரி வெச்சு விளையாட.

அவர்கிட்ட இருந்தது ராலே சைக்கிள். அதோட பின் சக்கரத்துல ஒண்ணும் கோளாறு இல்லைன்னு எனக்கே தெரிஞ்சிருக்கணும்.

மூணாம் நாள் காலையில தாத்தா வாழைத்தோப்புக்குப் போனவர் திரும்பி வந்து செருப்பைக் கூடப் போடாம மறுபடி போனார். நானும் பின்னாலயே ஓடினேன். வாய்க்கால் ஓரமா புள்ளிமான் ஒண்ணு படுத்திருந்தது. பொட்டை. தலை நிமிர்ந்துதான் இருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தது, முன்னங்கால் மட்டும் எழுந்தது. வயித்துல ஈ மொய்ச்சுக்கிட்டு இருந்தது. தாத்தா என்னைப் பின்னால இழுத்து, "கிட்டப் போகாத, பயந்துக்கும்" ன்னார். காயத்தைப் பார்த்துட்டு, "முந்தாநேத்து ராத்திரி பட்டது" ன்னார்.

வனத்துறைக்கு ஆள் அனுப்பினார். எங்க வீட்டு மேலயே பழி வந்துடும்னு பாட்டி தடுத்தாங்க, கேக்கலை. அவங்க வர்றதுக்குள்ள மதியம் ஆயிடுச்சு. அதுவரைக்கும் தாத்தா கொஞ்சம் தள்ளி வாழை மரத்துல சாஞ்சு உக்காந்திருந்தார். நானும் உக்காந்திருந்தேன். மான் நடுநடுவுல வாயைத் திறக்கும், சத்தம் வராது. பதினோரு மணி வாக்குல தலையைத் தரையில வெச்சது. அப்புறமும் ரொம்ப நேரம் காது ஆடிக்கிட்டே இருந்தது.

மாட்டு டாக்டர் வந்து அங்கயே அறுத்துப் பார்த்தார். எவர்சில்வர் தட்டுல 'ணங்'னு ஒண்ணு விழுந்தது. அப்புறம் இன்னொண்ணு. தண்ணி ஊத்திக் கழுவினார். கால் இஞ்ச். பளபளன்னு.

பெரியவர் வீட்டுல அன்னிக்கு ராத்திரி கணக்குப் போட்டேன். கால் இஞ்ச் இரும்புக் குண்டு, கன அளவு போட்டு, அடர்த்தி 7.8 போட்டா ஒரே ஒரு கிராம். ஈயமா இருந்தாக் கூட ஒன்றரை. இரும்பு விரியாது. உருண்டை வேகத்தைச் சீக்கிரம் இழந்துடும். மரை இல்லாத குழல்லருந்து கொத்தா வர்றது எங்க போகும்னு சுட்டவனுக்கே தெரியாது. அவர் நாப்பது வருஷமா பெட்டி பெட்டியா யோசிச்சு எதையெல்லாம் ஒதுக்கினாரோ, அது மொத்தமும் ஒரு பால்ரஸ்ல இருக்கு. மானுக்கு எந்தக் குண்டுன்னு பத்து வயசுல நானும் ஒரு தடவை செலக்ட் பண்ணியிருக்கேன், டவுசர்ல துடைச்சு.

சீசன் முதல் நாள் என்னையும் கூட்டிட்டுப் போனார். எச்-1பி, எல்-1 விசாவுல இருக்கறவங்க அமெரிக்காவுல துப்பாக்கி வெச்சுக்கக் கூடாது, வேட்டை லைசென்ஸ் இருந்தா மட்டும் விலக்கு. நான் அதுக்கெல்லாம் முயற்சி பண்ணலை. தொடற எண்ணமும் இல்லை. கண்ணைக் கூசற ஆரஞ்சு சட்டையும் தொப்பியும் மாட்டிக்கிட்டு பக்கத்துல உக்காந்திருந்தேன். சரியான குளிர். எட்டு மணிக்கு கொம்பு வெச்ச மான் ஒண்ணு, சினிமாவுல வர்ற மாதிரி, எதிர்ச் சரிவுல வந்து நின்னது. தூரம் பார்க்கற கருவியில 260. என் மனசு கணக்குப் போட்டுது, எவ்வளவு தூக்கிப் பிடிக்கணும்னு. அவர் துப்பாக்கியைத் தூக்கவே இல்லை. அது போயிடுச்சு. ரெண்டு மணி நேரம் கழிச்சு 80 கஜத்துல இன்னொண்ணு வந்தது. ஒரு சத்தம். நாப்பது அடி ஓடி மடங்கி விழுந்தது. நாங்க பக்கத்துல போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்தது. காது ஆடலை. நான் அதைத்தான் பார்த்தேன்.

குண்டு தேர்வுன்னா பவரைத் தேர்வு பண்றதுன்னு நினைச்சிட்டிருந்தேன். எப்பச் சுடக்கூடாதுங்கறதையும் சேர்த்துத்தான் தேர்வு பண்றாங்க. படிப்பு, துப்பாக்கி, நாடு எதுவும் ஒட்டாத ரெண்டு கிழவங்க, ஒருத்தர் கஜத்துல சொன்னதை இன்னொருத்தர் கண்ணு தெரியற தொலைவுன்னு சொல்லியிருக்கார். நம்ம ஊர்ல இன்னிக்கு அந்த எல்லை இன்னும் கிட்ட வந்து, துப்பாக்கியே எடுக்காதேன்னு நிக்குது. எனக்கு அதுல வருத்தம் இல்லை. விவசாயி கஷ்டம் தெரியாமச் சொல்லலை. பன்னி ஒரே ராத்திரியில வேர்க்கடலைக் கொல்லையை உழுதுட்டுப் போனதை நானே பார்த்திருக்கேன். காட்டு எல்லையிலருந்து மூணு கிலோமீட்டருக்கு அப்பால வர்ற காட்டுப்பன்றியை வனத்துறையே சுடலாம்னு 2025 ஜனவரியில தமிழக அரசு அறிவிச்சதும் அதனாலதான். அதைக் கூட பயிற்சி உள்ளவங்க செய்யட்டும். சைக்கிள் கடை டப்பாவுல கை விடறவங்க செய்ய வேண்டாம்.

2024-ல் ஊருக்கு வந்ததும் தாத்தாகிட்ட சொல்லிடறதுன்னு முடிவு பண்ணியிருந்தேன். அவருக்கு எண்பத்தி மூணு. திண்ணையில உக்காந்திருந்தார். பாட்டி போய் ரெண்டு வருஷம் ஆச்சு. அமெரிக்கக் கதையெல்லாம் சொல்லிட்டு மெதுவா ஆரம்பிச்சேன்.

"தாத்தா, அந்த வாழைத்தோப்பு மான்... அந்தப் பால்ரஸ் வாங்கிக் குடுத்தது நான்தான்."

"தெரியும்" ன்னார்.

எனக்குப் பேச்சு வரலை.

"அன்னிக்கு ராத்திரி ஒன் டவுசரைத் தொவைக்க எடுத்தா ஒங்க பாட்டி. பாக்கெட்ல ரெண்டு இருந்துச்சு. எடுத்தாந்து என் கையில குடுத்தா. காலையில போயி அவன நாலு வார்த்த கேட்டேன். அதோட பெங்களூரு போனவன்தான்."

"என்னை ஏன் ஒண்ணும் கேக்கலை?"

"இன்னா கேக்கறது? ரெண்டு நாளா நீ சோறு துன்னல. அதுக்கு மேல இன்னா கேக்கறது."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். போளூர் போற பஸ் ஒண்ணு ஹாரன் அடிச்சுட்டுப் போச்சு.

"அந்த வெள்ளக்காரு மான் சுட்டாரா?"

"ஒண்ணு தூரத்துல நின்னுச்சு, விட்டுட்டார். கிட்ட வந்ததைச் சுட்டார்."

"எத்தினி அடி ஓடுச்சு?"

"நாப்பது அடி."

தாத்தா யோசிச்சார். "பரவால்ல" ன்னார்.